மாமாக், டாய் சாவ், தோம் யாம்: ராத்திரி சாப்பாட்டுக்கு எங்கே போய் உட்காரலாம்?

கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்தக் குடியிருப்புத் தாமானில் இருந்தாலும் ஐந்து நிமிட கார் தூரத்தில் மூன்று கடைகள் இருக்கும். ஒரு மாமாக் கடை, அதாவது தமிழ் முஸ்லிம் உணவுக் கடை. கேட்டதை அப்போதே சட்டியில் புரட்டித் தரும் சீனக் கடை, அதாவது டாய் சாவ். அப்புறம் ஒரு தோம் யாம் கடை, தாய்லாந்தின் புளிப்புக் காரச் சூப்பின் பெயரில் நடப்பது. "இன்னைக்குச் சமைக்கல, வெளிய சாப்பிடலாம்" என்று வீட்டில் முடிவானதும் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களின் கார் தானாகவே மாமாக் பக்கம் திரும்பிவிடுகிறது. எந்த நேரமும் திறந்திருக்கும், விலை கையைக் கடிக்காது, கல்லாவில் இருப்பவரிடம் தமிழில் பேசலாம். எல்லாம் சரி. ஆனால் குடும்பமாகப் போய் ராத்திரி வயிறாரச் சாப்பிட மூன்றில் மிகக் குறைவாகப் பொருந்துவது மாமாக்தான் என்பது என் எண்ணம். சமையல் திறமையில் டாய் சாவ் முந்தும். எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துச் சாப்பிட வைப்பதில் தோம் யாம் கடையை மற்ற இரண்டும் நெருங்க முடியாது.

வாழை இலைக் கடையை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. இலை, சோறு, மூன்று காய், ரசம், அப்பளம் எல்லாம் மதியத்துக்கு உரியவை. எங்கள் பக்கத்தில் ராத்திரி போனால் தோசையும் பரோட்டாவும்தான் கிடைக்கும்.

மாமாக்கைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் தோளில் கழி வைத்து, ஒரு முனையில் சோறும் மறுமுனையில் கறியுமாகச் சுமந்து விற்றதில் தொடங்கியது நாசி கண்டார் என்ற கறிச்சோறு. இன்று மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எவரும் யோசிக்காமல் நுழையும் கடையாக மாமாக் நாடெங்கும் நிற்கிறது. நடுராத்திரி இரண்டு மணிக்கு விமான நிலையத்திலிருந்து பசியோடு வருகிறவருக்குச் சூடாக ஏதாவது கொடுக்கும் கடை வேறு எது?

ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பாதிக்கு மேல் மதியத்துக்குச் சமைத்தவை. கோழி குழம்பிலேயே ஊறி நார் நாராகப் பிரிந்திருக்கும். பொரித்த மீனின் ஓரம் இறுகியிருக்கும். வெண்டைக்காய் பச்சை போய்ப் பழுப்பாகியிருக்கும். ஆட்டுக்கறி மட்டும் விதிவிலக்கு. நேரம் ஆக ஆகக் குழம்பு சுண்டி, எண்ணெய் மேலே பிரிந்து, கறி எலும்பிலிருந்து தானே கழன்று வரும். மதியத்தை விட ராத்திரிதான் அது ருசி. மாமாக்கில் ராத்திரி சோறு சாப்பிட்டே தீர வேண்டுமென்றால் ஆட்டுக்கறியோடு நிறுத்திக்கொள்ளலாம். இல்லையென்றால் அப்போதைக்கு அப்போது கல்லில் போடுவதைக் கேளுங்கள்: முட்டையும் கறியும் அடைத்த முர்தபாக், வறுத்த நூடுல்ஸான மீ கோரெங், அல்லது அடுப்பு பற்றவைத்திருந்தால் தந்தூரிக் கோழியும் நானும். நல்ல மீ கோரெங் போடுகிறவர் மஞ்சள் மீயைப் போடுவதற்கு முன்பே மிளகாய் விழுதைக் கல்லில் நன்றாக வதக்கிவிடுவார். அவித்த உருளைக்கிழங்கு, டோஃபு, முட்டை எல்லாம் சேர்ந்து ஓரத்தில் லேசாகக் கருகும்வரை விடுவார். அந்தக் கருகல்தான் மீ கோரெங். அது இல்லாமல் சிவப்பாக, ஈரமாக வந்தால் வெறும் தக்காளி சாஸ் சுவைதான்.

ரொட்டி சானாய்? 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் மலேசியாவின் உணவுப் பழக்கம் ஒன்றைச் சேர்த்தது. தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், பரோட்டா போன்ற ரொட்டி சானாய், இழுத்து ஆற்றிய பால் தேநீரான தே தாரிக் மூன்றும் அதில் உண்டு. காலை உணவுப் பண்பாடு என்றுதான் அங்கே பதிவாகியிருக்கிறது. அதுதான் சரியும்கூட. மைதா, கொழுப்பு, அதன் மேல் கெட்டிப்பால் ஊற்றிய தேநீர் என்று ராத்திரி ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டு நேராகப் போய்ப் படுப்பது உடம்புக்கு நல்லதில்லை. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியப் பெரியவர்களில் ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு என்கிறது. நம் வீடுகளின் நிலைமை அதைவிட மோசம் என்பதை ஆய்வு பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அப்பா அம்மாவின் மாத்திரை டப்பாவைப் பார்த்தால் போதும்.

சாப்பாட்டை விட எனக்குப் பெரிய குறை, அங்கே யாரும் சேர்ந்து சாப்பிடுவதில்லை என்பது. ஆளுக்கு ஒரு தட்டு. பிள்ளையின் ரொட்டி முதலில் வந்துவிடும். அம்மாவின் தோசை கடைசியில் வரும். நடுவில் ஒருவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுக் கைத்தொலைபேசியைக் கையில் எடுத்திருப்பார். பெரிய திரையில் பந்து ஓடிக்கொண்டிருக்கும். நண்பர்களோடு ஒரு தே தாரிக்கை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேச இதைவிட நல்ல இடம் கிடையாது. குடும்பம் என்று வரும்போது அந்த ஏற்பாடு உதவுவதில்லை.

அடுத்தது டாய் சாவ். இங்கே போவதே அந்த அடுப்புக்காகத்தான். சமையற்காரர் பெரும்பாலும் கடையின் முன்பக்கத்திலேயே நிற்பார். எரிவாயு அடுப்பு ஜெட் விமானச் சத்தத்தோடு சீறும். சட்டியில் எண்ணெய் புகையும் அந்த நொடியில் பூண்டும் பெலாச்சான் என்ற இறால் விழுதும் விழும், அடுத்து காங்கோங் கீரை விழும். ஒரு கையால் சட்டியைத் தூக்கி உதறுவார், தீ சட்டிக்குள்ளேயே பாய்ந்து அடங்கும், ஒரு நிமிடத்துக்குள் கீரை தட்டில் இருக்கும். தண்டு நறுக்கென்று கடிபடும், இலை மட்டும் துவண்டிருக்கும். வீட்டு அடுப்பில் எவ்வளவு முயன்றாலும் இது வராது. அந்தச் சூடு நம் அடுப்பில் கிடையாது. கீரை ஒன்றை வைத்தே ஒரு டாய் சாவ் கடையை எடை போட்டுவிடலாம். தட்டின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் அடுத்த முறை வேறு கடை பாருங்கள்.

பல கடைகளில் மெனு அட்டை இருக்காது. குறிப்பெடுக்க வரும் ஆன்டி, "இக்கான்? சாயூர்? தாவ்ஹு?" என்று கேட்டுக்கொண்டே போவார். மீன், கீரை, டோஃபு, இறைச்சி, முட்டை என்று ஆளுக்கொன்று என்ற கணக்கில் சொல்லி, எல்லாவற்றையும் நடுவில் வைத்து வெள்ளைச் சோற்றோடு பகிர்ந்து சாப்பிடுவது முறை. உப்பு முட்டை போட்ட கணவாய், கம் ஹியோங் மட்டி, மண்சட்டி டோஃபு, வெண்ணெய் இறால், ஃபூ யோங் முட்டை எல்லாம் நம் நாக்குக்குச் சுலபமாகப் பிடிக்கும். கரி அடுப்பில் போடும் கடை கிடைத்தால் கோலாலம்பூர் பாணி கறுப்பு ஹொக்கியன் மீயையும் விட்டுவிடாதீர்கள். தடித்த மீயில் கறுப்பு சோயா சாறு ஏறி, நடுநடுவே பன்றிக் கொழுப்புப் பொரியல் மொறுமொறுவென்று தட்டுப்படும்.

அங்கேதான் சிக்கலும் தொடங்குகிறது. பன்றி சாப்பிடாதவர் மேசையில் ஒருவர் இருந்தாலும் டாய் சாவ் முடிந்தது. பன்றி போடாமல் செய்யச் சொல்லலாம், அவர்களும் முகம் சுளிக்காமல் செய்து தருவார்கள். ஆனால் சட்டி அதே சட்டி, எண்ணெய் பல கடைகளில் பன்றிக் கொழுப்பு. மலாய் நண்பர் வந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. என் பிள்ளைகளின் நண்பர்களில் பாதிப் பேர் மலாய்ப் பிள்ளைகள். அவர்களில் ஒருவரை வெளியே உட்கார வைத்துவிட்டு உள்ளே போய்ச் சாப்பிடுகிற சாப்பாடு எனக்கு இறங்காது. மாட்டிறைச்சி விஷயத்தில் மட்டும் டாய் சாவ் நமக்குக் கொஞ்சம் ஆறுதல். குவான் யின் தெய்வத்தை வழிபடும் சீனர்கள் பலர் மாட்டிறைச்சி தொடுவதில்லை. அதனால் அதைச் சமைக்கவே சமைக்காத கடைகளும் உண்டு. கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

பில்லும் கவனிக்க வேண்டிய விஷயம். மீன், இறால், நண்டு எல்லாம் எடைக்கு. சொல்லும்போது 100 கிராம் விலையைச் சொல்வார்கள், முழு மீனின் விலையை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். கேட்பதில் வெட்கம் எதுவும் வேண்டாம். சீனக் குடும்பங்களும் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறார்கள். சீனத் தேநீருக்குத் தலைக்கு இவ்வளவு என்று சேரும், ஈரத் துடைப்பான் பையைப் பிரித்தால் அதற்கும் சேரும். நான்கு பேர் மீனோடு சாப்பிட்டால் எங்கள் வட்டாரத்தில் 120, 140 ரிங்கிட் ஆகிவிடுகிறது. சமையலின் தரத்துக்கு அது நியாயமான விலைதான். ஆனால் வாரா வாரம் கட்டுப்படியாகாது.

இப்போது தோம் யாம் கடை. சாலையோரத்தில் தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலி, மேசை மேல் பூப்போட்ட விரிப்பு, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் எரியும் வண்ண விளக்கு. பார்த்தால் பெரிதாக எதுவும் தெரியாது. இந்தக் கடைகளில் சட்டி பிடிப்பவர்கள் பலர் தென் தாய்லாந்தின் பட்டானி, யாலா, நராத்திவாட் பகுதிகளிலிருந்து வந்த மலாய் பேசும் முஸ்லிம்கள், கிளந்தான்காரர்களும் உண்டு. அவர்களின் கையில் டாய் சாவ் சட்டியின் வேகமும் இருக்கிறது, தாய்லாந்துப் புளிப்பும் காரமும் இருக்கிறது. பன்றி கிடையாது, மது கிடையாது. மலாய்க்காரரும் சீனரும் நாமும் ஒரே மேசையில் ஒரே குழம்பிலிருந்து மொண்டு ஊற்றிக்கொள்ள வேறு என்ன வேண்டும்?

இங்கேயும் சோறு நடுவில், மற்றதெல்லாம் பகிர்ந்து. நான்கு பேர் என்றால் நான் சொல்லும் வரிசை இது: தோம் யாம் ஒரு கிண்ணம், சியாகாப் மீன் ஒன்று, கைலான் கீரை, முட்டை டாடார் என்ற ஆம்லெட். சின்னப் பிள்ளை இருந்தால் நாசி கோரெங் பட்டாயா. வறுத்த சோற்றை முட்டைத் தோசைக்குள் மடித்து மேலே மிளகாய் சாஸால் கோடு போட்டுத் தருவார்கள், எப்பேர்ப்பட்ட பிடிவாதக்காரக் குழந்தையும் அதைத் தின்றுவிடும். வயதானவர்களுக்குக் காரம் ஆகாதென்றால் தெளிந்த கோழி சூப் இருக்கிறது.

சியாகாப் என்பது நம் கொடுவா. இரண்டு விதமாகக் கேட்கலாம். மூன்று சுவை என்றால் முழு மீனைக் கீறிப் பொரித்து, இனிப்பும் புளிப்பும் காரமுமாக ஒரு சாற்றை மேலே ஊற்றுவார்கள். பிள்ளைகள் இதைத்தான் கேட்பார்கள். ஆனால் சர்க்கரை அதிகம், மீனின் சுவையும் அடிபட்டுப் போகும். நான் எப்போதும் சொல்வது எலுமிச்சை ஆவி மீன். மீன் வடிவத்திலேயே ஒரு தகரத் தட்டு, அதற்குக் கீழே சின்னதாக ஒரு தீ. வட்டமாக நறுக்கிய எலுமிச்சை, தட்டிய பூண்டு, சின்ன மிளகாயான சீலி பாடி, கொத்தமல்லித் தண்டு எல்லாம் மீன் மேல் கிடக்கும். சாறு தட்டில் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருப்பதால் கடைசி வாய் வரை சூடு ஆறாது. மீன் பழசாக இருந்தால் இதில் மறைக்க முடியாது. பொரித்த மீனில் மறைத்துவிடலாம். டாய் சாவ் கடையின் ஆவி மீனோடு இதை ஒப்பிட்டால் அது மென்மை, இது முரடு. நம் நாக்கு இந்த முரட்டைத்தான் தேடும். விலையும் 40, 50 ரிங்கிட்டுக்குள் நின்றுவிடும்.

தோம் யாமிலேயே நல்லதும் கெட்டதும் உண்டு, வித்தியாசம் பெரியது. கிண்ணம் வந்ததும் கரண்டியால் ஒருமுறை கலக்கிப் பாருங்கள். நசுக்கிய எலுமிச்சைப்புல், கிழித்த லீமாவ் பூருட் எலுமிச்சை இலை, லெங்குவாஸ் என்ற அரத்தை வில்லைகள் தட்டுப்பட்டால் சரியான கடை. வெறும் சிவப்பு எண்ணெயும் விழுதும் மட்டும் மிதந்தால் டப்பாவிலிருந்து வந்தது. சந்தேகமாக இருந்தால் வெள்ளைத் தோம் யாம் கேளுங்கள். அதில் விழுது நிறத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வழியில்லை. தாய்லாந்தின் தோம் யாம் குங் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதும் அதே 2024 டிசம்பரில், நம் காலை உணவு ஏறிய அதே கூட்டத்தில்தான். காலைக்கு ரொட்டி, ராத்திரிக்குத் தோம் யாம் என்று அவர்களே நேரம் பிரித்துக் கொடுத்ததாக நான் வைத்துக்கொண்டேன்.

குறை இல்லாமல் இல்லை. மாட்டிறைச்சி பெரும்பாலான தோம் யாம் கடைகளில் உண்டு. சிவப்புச் சாற்றில் புரட்டிய மாட்டிறைச்சி அவர்களின் பெருமைக்குரிய பதார்த்தமே. சட்டியைக் கழுவிவிட்டுத்தான் அடுத்ததைப் போடுகிறார்கள். ஆனால் தனிச் சட்டி வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அது போதாது. அவர்களுக்கு மாமாக்கும் சரிவராது. அங்கேயும் மாட்டிறைச்சிக் கறி பக்கத்துத் தட்டில்தான் இருக்கும், கரண்டி எங்கெல்லாம் போகிறது என்று பார்த்திருப்பீர்கள்.

சைவர்களுக்கு மூன்றுமே திண்டாட்டம். டாய் சாவ் கீரையில் சிப்பிச் சாறு, தோம் யாம் கடைக் கீரையில் மீன் சாறு, சைவத் தோம் யாம் என்று கேட்டாலும் விழுதில் இறால். மாமாக்கில் தோசையும் பருப்பும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். வெள்ளிக்கிழமை சைவம் என்றால் சீன பௌத்தர்கள் நடத்தும் சைவக் கடைக்குப் போய்விடுவது எல்லாவற்றையும் விட நல்லது. பலவற்றில் வெங்காயம் பூண்டுகூடச் சேர்ப்பதில்லை, முட்டை உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சீன நாட்காட்டியில் முதல் நாளும் 15ஆம் நாளும் அங்கே கூட்டம் நெரியும்.

காசைப் பற்றி ஒரு வார்த்தை. நான்கு பேருக்கு மாமாக்கில் 50, 60 ரிங்கிட்டில் முடித்துவிடலாம். தோம் யாம் கடையில் மேலே சொன்ன வரிசைக்கு நூறை ஒட்டி வரும், மீனை விட்டால் அறுபதில் நிற்கும். ஆனால் மாமாக்கின் மலிவு நாசி கண்டாருக்குப் பொருந்தாது. தட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் சொல்வதுதான் விலை. ஒரு பெரிய இறாலை எடுத்துவிட்டால் கணக்கு எங்கோ போய்விடும். விலைப் பட்டியல் மாட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம், அதைப் பார்த்துவிட்டுக் கை காட்டுங்கள். ஆண்டு வியாபாரம் 15 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டிய கடைகளில் 6 விழுக்காடு சேவை வரி சேரும். 2024 மார்ச்சில் பல சேவைகளுக்கு இது 8 ஆனபோதும் சாப்பாட்டுக் கடைகளுக்கு ஏறவில்லை. தாமான் தோம் யாம் கடைகளில் பெரும்பாலும் இந்த வரியே இருக்காது.

எந்தக் கடையானாலும் சுவரில் நகராண்மைக் கழகத்தின் தர எழுத்தைப் பார்த்துவிடுவது நல்லது. ஏ அல்லது பி என்றால் உட்காருங்கள். புகை பிடிக்கத் தடை 2019 ஜனவரி 1 முதல் திறந்தவெளி மேசைகளுக்கும் பொருந்தும். தோம் யாம் கடையில் பக்கத்து மேசையில் பற்றவைத்தால் கடைக்காரரிடம் சொல்லத் தயங்க வேண்டாம், குழந்தைகள் இருக்கிறார்கள்.

ஆக, யார் எங்கே போகலாம்? வீட்டுப் பெரியவர்கள் மட்டும், எல்லோரும் எல்லாம் சாப்பிடுவோம், நல்ல சமையலுக்குக் கொஞ்சம் செலவானாலும் பரவாயில்லை என்றால் டாய் சாவ். திங்கட்கிழமையில் பல கடைகள் மூடியிருக்கும், சீனப் புத்தாண்டு வாரத்தில் திறந்திருந்தாலும் விலை ஏறியிருக்கும். பத்து மணிக்கு மேல் பசி, அல்லது நண்பரோடு ஒரு பிரச்சினையை உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும் என்றால் மாமாக். தே தாரிக்கை மட்டும் சர்க்கரை குறைத்துக் கேளுங்கள். பிள்ளைகள், தாத்தா பாட்டி, மலாய் அண்டை வீட்டார், சீன அலுவலக நண்பர் என்று கலந்து ஒரு கூட்டம் போகிறது என்றால் தோம் யாம் கடையைத் தவிர வேறு இடம் தேடாதீர்கள்.

நோன்பு மாதத்தில் தோம் யாம் கடைகள் நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்பதிவில் நிரம்பிவிடும். நோன்பு திறப்பவர்களுக்கு இடம் விட்டு எட்டரைக்கு மேல் போனால் அவர்களுக்கும் வசதி, நமக்கும் நிதானமாகக் கவனிப்பு கிடைக்கும். ஹரி ராயாவுக்கு ஊழியர்கள் எல்லை தாண்டி ஊருக்குப் போய்விடுவதால் ஒரு வாரத்துக்கு மேலும் பூட்டியிருக்கலாம். மற்ற நாட்களில், அதிலும் சனிக்கிழமை என்றால், ஏழு மணிக்கெல்லாம் போய் உட்கார்ந்து முதலில் மீனைச் சொல்லிவிடுங்கள். ஆவி மீனுக்கு நேரம் பிடிக்கும், எட்டரைக்கு மேல் சியாகாப் தீர்ந்துவிட்டது என்று கையை விரித்துவிடுவார்கள்.